கட்டிப்போட்ட குமிழ்

எஃகு உருட்டாலைக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு வடிவமைத்துக் கொடுத்த இன்ஜினியர், மனசாட்சியிடமும் பேரம் பேசுகிற ஆசாமி. அது முழு உண்மையைக் கேட்டால் இவர் கால்வாசியில் ஆரம்பிப்பார். விசாரணை அறையில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது.

போன வாரம், உருளைகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று ஓடிய தகடு ஒரு பக்கமாக ஒதுங்கி, மடிந்து, இயந்திரத்தின் வாயை அடைத்துக்கொண்டது. தகடு ஒதுங்கினால் ஆபரேட்டர் கைக்குமிழைத் திருப்பி, உருளையைச் சாய்த்து நேர்ப்படுத்த வேண்டும். கம்ப்யூட்டர் பதிவிலோ குமிழ் திரும்பியதற்கு ஒரு கோடுகூட இல்லை.

“முழுசா திருப்பினேன் சார். தகடு அது பாட்டுக்குப் போச்சு,” என்றார் ஆபரேட்டர். அந்த நாற்காலியில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர்.

“கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன பகை, பெரியவரே? கண்ணசந்துட்டீங்க. நாளையிலேருந்து பேக்கிங் பக்கம் போயிடுங்க. அங்க எதுவும் ஓடாது,” என்றார் மேலாளர்.

நடந்தது இன்ஜினியருக்கு மட்டும் தெரியும். அதற்கு முன், சோதனை ஓட்டத்தன்று ஆபரேட்டர் குமிழைத் தொட்டுத் தொட்டு, திரையில் ஓடிய இவருடைய வரைபடத்தை மேடும் பள்ளமுமாக ஆக்கிக்கொண்டிருந்தார். கையையா தட்டிவிட முடியும்? புரோகிராமில் குமிழின் கட்டளையைச் சத்தமில்லாமல் பூஜ்யத்தால் பெருக்கினார். குமிழ் சுற்றும், உருளைக்கும் சேதி போகாது, பதிவுக்கும் போகாது. வரைபடம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் வந்தது. பெருக்கியதை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். அதற்குப் பெயர் மறதி என்று ஒரு வாரமாகத் தன் தலையிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

‘வயர் கோளாறாக இருக்கலாம்’ என்று சொல்லிப் பாதியில் முடித்துவிடலாமா?

ஆபரேட்டர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து கண் டாக்டர்கிட்டகூட போயிட்டு வந்தேன். ஒண்ணும் இல்லங்கறார். திருப்பின மாதிரிதான் ஞாபகம். ஒருவேளை திருப்பலையோ என்னமோ.”

இன்ஜினியர் பேரத்தை விட்டார்.

“அவர் திருப்பினார். குமிழை நான்தான் செயலிழக்க வெச்சேன். சோதனை நல்லா வரணும்னு.”

“தெரிஞ்சேவா?” என்றார் மேலாளர்.

“தெரிஞ்சேதான்.”

மன்னிப்புக் கேட்க ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். அவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

“அத சரி பண்ணியாச்சா தம்பி? என் சீட்ல இப்ப வேற ஆள் உக்காந்திருக்கான்.”

பூஜ்யத்தை இன்னும் எடுக்கவில்லை. புரோகிராமைத் தொட்டால் திருத்திய தேதி பதிவாகுமே என்று ஒரு வாரமாக அந்தப் பக்கமே போகவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆலையை நோக்கி ஓடினார்.