கட்டைவிரலை இரண்டு மணியில் வைக்கவும்

இருப்புச் சான்று அலுவலகத்தின் லிஃப்ட் கிளாரினெட்டால் ஓடுகிறது. கீழே ஒருவர் ஊதினால் இன்னொருவர் மேலே போகலாம். முதல் மாடிக்கு அடுத்தது பன்னிரண்டாம் மாடி. நடுவில் மாடிகள் இல்லை. கிளாரினெட்டின் பின்பக்கச் சாவியை அழுத்தினால் சுரம் அவ்வளவு தூரம்தான் தாவும். கட்டடத்தையும் அதற்கு ஏற்றபடி கட்டிவிட்டார்கள்.

என் மனைவி துளசிமணிக்குப் போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அவள் இருப்பதற்கான பதிவு காலாவதியாகிவிட்டதாம். எட்டு நாளுக்குள் நேரில் வந்து புதுப்பிக்க வேண்டுமாம். தவறினால் பெயர் அடுத்தவருக்கு வழங்கப்படுமாம். தபால்காரர் கடிதத்தை என்னிடம்தான் கொடுத்தார். வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்ற துளசிமணி அவர் கண்ணில் படவில்லை.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புதன்கிழமை பேக்கரியில் இரண்டு டீ சொன்னேன். ஒன்று வந்தது. வியாழக்கிழமை பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அவள் மடியில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சூலூர் வரைக்கும் அப்படியே வந்தார். வீட்டுக்கு வந்ததும், “காலு மரத்துப்போச்சுங்க” என்று மட்டும் சொன்னாள்.

பேண்டு செட்டில் இருக்கும் ஒருவரிடம் கிளாரினெட் இரவல் வாங்கி ஊதிப் பழகினேன். பழகினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். சத்தம் வந்தது.

எட்டாம் நாள் இரண்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போனோம். முதல் மாடியில் சுகந்தி என்ற எழுத்தர் மட்டும் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் லிஃப்ட். பக்கத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். துளசிமணி கட்டியிருந்த அதே பச்சைப் புடவையை அவரும் கட்டியிருந்தார்.

“இவங்க யாரு?” என்று கேட்டேன்.

“பேரில்லாதவங்கண்ணா. ஆறு வருசமா காத்திருக்காங்க. நாலு மணிக்குள்ள உங்க வீட்டுக்காரம்மா பதியலீன்னா அந்தப் பேரு இவங்களுக்கு.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வந்துட்டீங்களா? தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். கோபமாக இருந்தது. கோபப்பட அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதும் எரிச்சலாக இருந்தது.

சுகந்தி அலுவலகத்தின் கிளாரினெட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு பலகை இருந்தது. வாத்தியத்தின் எடை முழுவதும் வலது கட்டைவிரலுடையது. இடது கட்டைவிரல் பின்பக்கத் துளையை மூட மட்டுமே. அதை நேராகவும் படுக்கையாகவும் வைக்காமல் கடிகார முள் இரண்டு மணியில் நிற்பதுபோல் சாய்த்து வைக்கவும். விரலின் சதை துளையை மூட வேண்டும், நுனி சாவியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாவியை அழுத்த விரலைத் தூக்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஊதுவது ஏற்றுவதற்கு. ஏற்றிய பிறகு ஊத வேண்டியதில்லை, விரலை எடுக்காமல் இருந்தால் போதும்.

கடைசி வரி சிவப்பில் இருந்தது. விண்ணப்பதாரரை மேலே வைத்திருப்பவரே அவருடைய துணை எனக் கொள்ளப்படுவார். அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“கடிகாரத்தையும் பாத்துக்கங்கண்ணா. அது உங்க கட்டவிரலப் பாத்துத்தான் ஓடும்.”

விரலை வைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் லேசாக ஆடி இரண்டில் நின்றது.

துளசிமணி லிஃப்ட்டுக்குள் போய் நின்றாள். “ஏனுங்க, அமுக்காதீங்க” என்றாள்.

“எனக்குத் தெரியும்.”

“நீங்க பைப்ப மூடுனா நாந்தான் ஸ்பேனர் எடுத்துட்டு வரணும்.”

அது உண்மை. கேஸ் சிலிண்டர், ஊறுகாய் பாட்டில், எதையும் நான் ஒழுங்காக மூடுவேன். ரோடு தாண்டும்போது அவள் கையைப் பிடிப்பேன். மறுநாள் வரை மணிக்கட்டில் சிவப்பாக இருக்கும். விட்டுவிடுவேனோ என்ற பயம்தான். அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஊதினேன். கீழ்ச் சுரம் வந்தது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. சாவியை அழுத்தக் கட்டைவிரலைத் தூக்கினேன். புதிதாக ஊதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. துளை திறந்துகொண்டது. ஒரு கிறீச்சிடல் கேட்டது. லிஃப்ட் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

துளசிமணி இறங்கினாள். அவளுடைய இடது காதில் தோடு இல்லை. காதும் இல்லை.

“எங்க போன?”

“நடுவுலீங்க. ஆறாவது மாடியாட்ட இருந்துச்சு. அங்க இன்னும் ஒண்ணுமே கட்டல.”

“பயந்துட்டியா?”

“கெட்டியா நிக்க எடமில்லீங்க. மறுக்கா ஊதுங்க.”

இந்த முறை தூக்கக் கூடாது என்று அழுத்திப் பிடித்தேன். பிடித்த பிடியில் கட்டைவிரல் சறுக்கிப் படுத்துவிட்டது. நுனி சாவிக்கு எட்டவில்லை. லிஃப்ட் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி. என்னால்தான் ஒரு மணி நேரம் போனது. விரலை மேலே நகர்த்தினால் கடிகாரமும் திரும்பும் என்று நினைத்தேன். விரல் நகர்ந்தது. முள் நகரவில்லை.

“எறங்கத்தானுங்க முள்ளு வெரல் கூட வரும்” என்றாள் சுகந்தி. “ஏறணும்னா வேற ஆள் கை வேணும்.”

பெஞ்சிலிருந்த அம்மாள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “தூங்கற கொளந்தைய ஒருக்களிச்சுப் படுக்க வெப்பமுல்லீங்க, அப்பிடித் திருப்புங்க. முளிச்சுக்கக் கூடாது.”

எனக்கு எதற்கு இவர் சொல்லித்தருகிறார் என்று புரியவில்லை. நான் தோற்றால் இவருக்குப் பெயர். ஆனாலும் அப்படியே செய்தேன். சதை துளையை விட்டு எழவில்லை. நுனி மட்டும் சாய்ந்து சாவியைத் தொட்டது. சுரம் தாவியது. சுத்தமான சுரம். லிஃப்ட் மேலே போனது.

வாயை எடுத்தேன். விரலை எடுக்கவில்லை. கிளாரினெட்டின் அடிவாயிலிருந்து துளசிமணியின் குரல் வந்தது.

“வந்துட்டனுங்க. பெரிய ஹால். ஒரு அதிகாரி இருக்காரு.”

பிறகு அதிகாரியின் குரல் கேட்டது. “இருக்கீங்களா?”

“இருக்கறனுங்க.”

“எத்தன நாளா?”

“நாப்பத்தாறு வருசமுங்க.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

“ஒருத்தரு” என்றாள் துளசிமணி. கட்டைவிரல் கொஞ்சம் சறுக்கியது. முள் மூன்றரைக்கு இறங்கியது.

சுகந்தி ஒரு படிவத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். “சாட்சி கைரேகை வேணுமுங்கண்ணா. இடது கட்டவிரல்.”

“இந்த விரலா?”

“இந்த விரல்தானுங்க.”

“எடுத்தா அவ விழுந்துருவா.”

“விழ மாட்டாங்க. மாடி இருக்காது. அப்பறம், இன்னொண்ணு. சாட்சி சொந்தக்காரரா இருக்கக் கூடாது.”

“அப்ப என்கிட்ட ஏம்மா கேக்கற?”

“வேற ஆளு இல்லீங்களே.”

முள் மூன்றே முக்கால் ஆனது. விரலின் சதையில் துளையின் வட்டம் பதிந்து எரிந்தது. அடிவாயிலிருந்து துளசிமணியின் குரல் வந்தது. “ஏனுங்க, தரை மெலிசாகுது. கீழ ரோடு தெரியுது.”

“நா மூடிக்கறனுங்க” என்றார் அந்த அம்மாள். தன் இடது கட்டைவிரலைக் காட்டினார். அதிலும் ஒரு வட்டத் தழும்பு இருந்தது. பழையது.

பலகையின் சிவப்பு வரியைப் பார்த்தேன். சுகந்தியும் பார்த்தாள். “கை மாத்துனா நீங்க சொந்தமில்லீங்க. சாட்சி ஆயிரலாம்” என்றாள்.

“மாத்துனா நான் யாரு?”

“சாட்சிங்கண்ணா.”

“வீட்டுக்குப் போகலாமா?”

“அது படிவத்துல இல்லீங்க.”

முள் நான்குக்கு ஒரு கோடு முன்னால் நின்றது. “ஏனுங்க” என்றாள் துளசிமணி.

என் விரல் விலக விலக அந்த அம்மாளின் விரல் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. காற்று போகும் அளவுக்குக்கூட இடைவெளி விழவில்லை. அவர் எதையும் பிடிக்கவில்லை. வெறுமனே வைத்திருந்தார். கடிகாரத்தின் முள் தயங்கி மேலே ஏறி இரண்டில் நின்றது.

சுகந்தி என் விரலில் மை தடவினாள். “அமுக்காதீங்க. உருட்டி வையுங்க.”

உருட்டி வைத்தேன். ரேகை சுத்தமாக விழுந்தது. நடுவில் ஒரு வட்டம். அன்று நான் ஒழுங்காகச் செய்த இரண்டாவது காரியம் அது.

அந்த அம்மாள் விரலை மெல்லத் திருப்பினார். லிஃப்ட் இறங்கியது. துளசிமணி வெளியே வந்தாள். மின்விசிறிக் காற்றில் அவள் முந்தானை பறந்தது. ஒரு வாரமாக அது பறக்கவில்லை. காது திரும்பி வந்திருந்தது. தோடு வரவில்லை. “வாங்கக்கா, முடிஞ்சுதுங்களா?” என்று சுகந்தி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

“துளசி” என்றேன்.

அவள் எனக்கு ஒரு சாண் இடதுபுறமாகப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினாள். “ஏனுங்க, போலாமுங்களா?”

“போலாம்” என்றார் அவர். சுகந்தி பதிவேட்டில் அவருடைய பெயரை எழுதினாள். நாச்சிமுத்து. என் பெயர். அழகான கையெழுத்து.

ஜன்னலுக்கு ஓடினேன். கீழே இருவரும் ரோடு தாண்டினார்கள். ஒரே நிறப் புடவைகள். அவர் துளசிமணியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். லாரிகள் வந்தன. அவர் பிடியை இறுக்கவில்லை. கிளாரினெட் மேசைமேல் கிடந்தது. அதன் அடிவாயிலிருந்து துளசிமணியின் குரல் கடைசியாக ஒருமுறை வந்தது.

“இன்னிக்குக் கையே வலிக்கலீங்க.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

“நான் எவ்வளவு நேரம் இருக்கணும்மா?” என்று கேட்டேன்.

சுகந்தியின் காதில் அது விழவில்லை. பதிவேட்டை மூடினாள். முகம் கழுவிவிட்டு வந்தாள். சாப்பிட்டு முடித்த டிபன் பையைக் கொண்டுவந்து பெஞ்சில், என் மடியில் வைத்தாள்.

இடது கட்டைவிரலைப் பையின்மேல் இரண்டு மணிச் சாய்வில் வைத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. பை சரிந்துவிடாதபடி, அழுத்தாமல், அப்படியே வைத்திருந்தேன்.