அரை இஞ்சு கம்பியில் ஒரு நூல் ஸ்டாண்டு

மயில் கழுத்துக்கு வந்ததும் மூன்றாவது தடவையாக நூல் அறுந்தது. வனிதாவுக்கு வந்த ஆத்திரத்தில் எம்ப்ராய்டரி மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பாள். போடாததற்கு ஒரே காரணம், கூடவே புருஷன் முத்துராஜ் செய்து கொடுத்த நூல் ஸ்டாண்டையும் தூக்க வேண்டும். அது ஒரு ஆள் தூக்குகிற சாமான் இல்லை.

மறுநாள் காலையில் மணமேல்குடியில் முத்துராஜின் தங்கச்சி மணிமேகலையின் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், மாமன் வீட்டு உடுப்பைத்தான் பிள்ளைக்குப் போடுவார்கள். பட்டுப்பாவாடையை வாங்கினோமா, கொடுத்தோமா என்று இருந்திருக்கலாம். வனிதாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பாவாடைக் கரையில மயில நானே மெஷின்ல போட்டுக் கொண்டாரேன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

சொன்னதற்குக் காரணமும் உண்டு. வளைகாப்புக்கு இவள் தைத்துக் கொடுத்த ரவிக்கையை மணிமேகலை நாலு பேர் முன்னால் விரித்துப் பார்த்து, "அண்ணி இப்பத்தான் பழகுறாங்க" என்றாள். பத்து வருஷமாகத் தைக்கிறவளைப் பார்த்து! பழகுகிறாளாம். அந்தப் பேச்சை வனிதாவால் இன்னும் செரிக்க முடியவில்லை. மயில் ஒழுங்காக வந்தால் அந்த வாய் அடைபடும். வராவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் 'பழகுறாங்க'தான்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஏறி இறங்கியதில் மயில்கழுத்து நிறத்தில் நூல் ஒரே கடையில்தான் கிடைத்தது, அதுவும் கூம்பு மாதிரி பெரிய கோனாக. இவளுடைய எம்ப்ராய்டரி மெஷினோ வீட்டு உபயோகத்துக்கானது. அதன் தலையில் இருக்கும் குச்சியில் சின்ன நூல்கண்டுதான் மாட்டும். கோனைத் தனியாக நிறுத்தி, அதன் உச்சிக்கு நேர் மேலே ஒரு வளையத்தில் நூலைக் கோத்து இறக்கினால் சரியாக ஓடும். இவ்வளவுதான் சங்கதி.

முதலில் கோனைப் பித்தளை டம்ளருக்குள் நிறுத்தி, ஜன்னல் கம்பியில் ஊக்கைக் குத்தி அதில் நூலைக் கோத்தாள். மெஷின் இழுத்த இழுப்பில் டம்ளர் நடந்தே போய்க் கீழே விழுந்தது. பழைய குடைக்கம்பியை வளைத்துச் செங்கல் ஓட்டையில் சொருகினாள். கம்பி தலையாட்டியதில் மயில் இறகு கோணிக்கொண்டது. நல்லவேளை, அதெல்லாம் பழைய வேட்டித் துணியில்.

"ஏங்க, பட்டறையில ஒரு கம்பி வளைச்சுத் தாங்க. லேசா, சின்னதா" என்று கேட்டது அதற்கப்புறம்தான். முத்துராஜுக்கு வெல்டிங் பட்டறை. லேசாக என்ற வார்த்தை அங்கே செல்லாது. அரை இஞ்சு கம்பி, அடியில் இரும்புப் பிளேட்டு, மேலே வளையம் என்று தண்ணீர் மோட்டாரையே நிறுத்தி வைக்கிற மாதிரி ஒன்றைத் தோளில் சுமந்து வந்து மேசை அதிர இறக்கினான். இறக்கியதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டான்.

ஆனால் வேட்டித் துணியில் ஓட்டிப் பார்த்தபோது அற்புதமாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில்தான் வனிதா பட்டிலேயே கை வைத்தாள். கால், உடம்பு, தோகை வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்து, கழுத்தில் தகராறு ஆரம்பித்தது. பட்டில் ஊசி குத்திய ஓட்டை லேசில் போகாது. அறுந்த இடத்தைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் கழுத்தில் வரிசையாக ஓட்டை விழுந்துவிட்டது. வேறு பட்டு வாங்க நேரமும் இல்லை.

பட்டறைக்குப் போன் போட்டாள். "வளையத்துல பிசிறு இருக்குங்க. நூல அறுக்குது." முத்துராஜ் வெயிலில் வந்து அரம் போட்டு ராவிக் கொடுத்துவிட்டுப் போனான். நாற்பது தையல் ஓடி அறுந்தது. மறுபடி போன். "என்னதான் ராவுனீங்க? ஒரு கம்பிய ஒழுங்கா ராவத் தெரியல, இதுல போட்டோ வேற!" அவன் மறுபடி வந்து ராவினான். மூன்றாம் தடவை சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டு வந்தான். அவன் போனதும் மறுபடி அறுந்தது. வனிதா தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் மெஷின்மேல் மஞ்சளாக ஏதோ தூசி தெரிந்தது. தொட்டு முகர்ந்தாள். சந்தனம்.

நாசமாய்ப் போக! சோதனை நன்றாக ஓடியதும், நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று ஸ்டாண்டுக்குச் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமமும் வைத்தது இவள்தான். அடியில் வைத்தால் போதாதென்று தலையிலும், அதாவது வளையத்திலும் ஒரு பொட்டு. அது உள்பக்கமாக வழிந்து, காய்ந்து, சொரசொரவென்று நூலைப் பிடித்திருக்கிறது. முத்துராஜ் வந்து வந்து மற்ற இடத்தையே ராவியிருக்கிறான். பொட்டு வைத்த இடத்தில் அரம் படக்கூடாதென்று ஒதுங்கியிருப்பான்.

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். நூல் தண்ணீராக ஓடியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மயில் முடிந்தது. கழுத்து ஓட்டைகளை மறைக்க ஜரிகை நூலில் கையாலேயே ஒரு மாலை போட்டாள். ராத்திரி முத்துராஜ், "இப்ப ஓடுதா?" என்று கேட்டதற்கு, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

மணமேல்குடியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசி, பாவாடையைக் கட்டிப் பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள். மணிமேகலை மயிலைப் பார்த்தாள்.

"நல்லாருக்கே அண்ணே! ஸ்டேட்டஸ்ல பாத்தேனே, ஒங்க ஸ்டாண்டுல தச்சதா?"

"பின்ன? மூணு தடவ ராவுனேன்ல. அப்பறந்தான் நூலே ஓடுச்சு" என்றான் முத்துராஜ், நெஞ்சை நிமிர்த்தி.

"அண்ணன் கை பட்டா சும்மாவா" என்றாள் மணிமேகலை.

இவள் பெயரை அவன் சொல்வான் என்று வனிதா காத்திருந்தாள். அவன் கம்பி எத்தனை இஞ்சு என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் சந்தனத்தையும் சொல்ல வேண்டிவரும். மூடிக்கொண்டால் மயில் இரும்புக்குச் சொந்தமாகிவிடும். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்க ராவுல ஒண்ணும் ஓடலங்க. வளையத்துல சந்தனத்த வச்சுட்டு, பழிய ஒங்க மேல போட்டது நாந்தான். அதத் தொடச்சேன், ஓடுச்சு. மயில் கழுத்துல அத்தன ஓட்டை, அத மறைக்கத்தான் மாலை. கெடுத்தவளும் நாந்தான், தச்சவளும் நாந்தான்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். முத்துராஜ் வாயைப் பிளந்தான். "அடிப்பாவி, சோத்துல இருந்து எந்திரிச்சு வந்தேனேடி!"

மணிமேகலை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பாவாடைக் கரையைத் தூக்கி, மயில் கழுத்தை விரலால் தடவினாள். திருப்பி உள்பக்கமும் பார்த்தாள்.

"எங்க, அண்ணி, ஓட்டை? எனக்குத் தெரியலயே."

வனிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜரிகையை நகத்தால் விலக்கி, "இந்தா, இங்க. இங்க ஒண்ணு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.