மணல் மூட்டைக்குப் பதிலாக

கிழக்கு வெளுப்பதற்குள் சித்தாள் பதினோரு நடை கலவை சுமந்துவிட்டாள். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் மேற்கு கேலரிக்கு நாற்பத்தெட்டுப் படிகள். தலையில் சும்மாடு, அதன்மேல் சட்டி, சட்டியிலிருந்து ஒழுகும் சாந்துத் தண்ணீர் கழுத்தில். சிமென்ட் தின்ற விரலிடுக்குகள் தீயாய் எரிந்தன. நாளை மறுநாள் புதுப்பித்த மைதானத்தில் முதல் ஆட்டம். இந்தக் கேலரியில் மட்டும் மூவாயிரம் மாணவர்கள் உட்காரப் போகிறார்கள்.

அவளுக்கு எரிச்சல் பெரிதில்லை. பயம்தான் பெரிது. பன்னிரண்டு நாளாக அது அவளோடு சாப்பிட்டு, அவளோடு படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன் கேலரிக்கு அடியில் பழைய பூச்சைக் கொத்தியபோது, நடு பீமில் விரல் நுழையும் விரிசல் தெரிந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. கொத்தனார் போய்ச் சொன்னார். காண்ட்ராக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பூசிடு" என்றார். சித்தாள் கலவை கொடுத்தாள், கொத்தனார் பூசினார்.

"வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்மா" என்றார் கொத்தனார். அவள் திறக்கவில்லை.

எட்டு மணிக்குக் காண்ட்ராக்டர் எல்லோரையும் புல்தரையில் கூப்பிட்டார்.

"பத்து மணிக்கு இன்ஜினியர் வர்றார். கேலரி பாரம் தாங்குதான்னு பாக்கணுமாம். மணல் மூட்டை ஏத்தி இறக்க ரெண்டு நாள் ஆகும். நீங்க அறுபது பேரு இருக்கீங்கள்ல? இப்பவே போய் நடுவுல நெருக்கி உக்காருங்க. நான் விசில் அடிச்சா எழுந்து குதிக்கணும். ஒத்திகை பாத்துடலாம்."

மூட்டைக்கு ஏற்றுகூலி, இறக்குகூலி உண்டு. மனிதர்கள் தாங்களே ஏறி, தாங்களே இறங்கிவிடுவார்கள். காண்ட்ராக்டர் கணக்கில் கெட்டிக்காரர்.

ஆட்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கட்டிய இடத்தில் உட்காரச் சொல்லி யார் கூப்பிட்டிருக்கிறார்கள் இவர்களை? எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் சித்தாளின் நாத்தனார். நட்ட நடுவில் போய் ராணி மாதிரி உட்கார்ந்து கையாட்டினாள்.

"அண்ணி, சீக்கிரம் வாங்க! சம்பளம் கொடுத்து உக்காரச் சொல்றாங்க, இன்னும் என்ன யோசனை?"

அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்த பீம். சித்தாள் கொத்தனாரைப் பார்த்தாள். அவர் ஏறவில்லை. கழுவிய கரண்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

காண்ட்ராக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"ஊதாதீங்க!" குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "யாரும் குதிக்காதீங்க! கீழ பீம் விட்டிருக்கு. நான்தான் கலவை கொடுத்தேன், மூடிட்டோம்!"

"சும்மா இரு. சித்தாளுக்கு பீமைப் பத்தி என்ன தெரியும்?"

கரண்டி வாளிக்குள் விழுந்தது. "எனக்குத் தெரியும் சார்" என்றார் கொத்தனார். "பூசினவன் நான். பூசச் சொன்னது நீங்க."

மேலே சிரிப்பு அறுந்தது. நாலு பேர் சடாரென்று எழுந்தார்கள்.

"ஓடாதீங்க!" என்று கொத்தனார் கத்தினார். "ஓரத்துல இருக்கறவங்க முதல்ல. ஒவ்வொருத்தரா. மெதுவா."

இறங்கினார்கள். ஒவ்வொரு காலடிக்கும் சித்தாளுக்கு உயிர் போய் வந்தது. கடைசியாக நடுவில் இருந்த நாத்தனார், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டுவதுபோல் இறங்கினாள். அடியில் எங்கோ ஒரு துண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அவ்வளவுதான். தரையில் கால் வைத்ததும் அண்ணியின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. திட்டவும் இல்லை.

"ஏறாதவங்க நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் காண்ட்ராக்டர்.

சாரம் கட்டுகிறவர் முன்னால் வந்தார். "ஏறுறோம் சார். நீங்க நடுவுல உக்காருங்க, நாங்க சுத்தி உக்கார்றோம். விசிலையும் அங்கேருந்தே ஊதுங்க."

காண்ட்ராக்டர் கேலரியை அண்ணாந்து பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து போனை எடுத்தார். "உங்களுக்குப் பதிலா ஏற ஆளா இல்ல?"

அரை மணியில் இன்னொரு வேலையிடத்திலிருந்து லாரி வந்து மைதானத்து கேட்டில் நின்றது. பின்னால் நெருக்கியடித்து நாற்பது பேர். இன்ஜினியர் யார் பேச்சை நம்புவார்? மூடினது நீதானே என்று சித்தாளையே பிடித்துக்கொண்டால்? வீட்டில் என்ன சொல்வது? ஆனாலும் கேட்டை நோக்கி நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மற்ற அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

"உக்கார்ற வேலைன்னு சொன்னாங்களே?" என்றாள் லாரியில் இருந்த ஒருத்தி.

சித்தாள் சொன்னாள். விரிசல், துரு, பூச்சு, தன் கை, எதையும் விடாமல்.

"நீங்க ஏறலையா?"

"ஏறல."

"வேலை?"

"இல்லைன்னுட்டார்."

லாரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காண்ட்ராக்டர் தூரத்திலிருந்து கையை வீசி வீசிக் கூப்பிட்டார். டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

"அப்ப நாங்க எங்கதான் உக்கார்றது?" என்றாள் அந்தப் பெண்.

நாத்தனார் கேட்டின் குறுக்கே மண்ணில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கையால் தட்டிக் காட்டி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.