மூன்றாவது மாடி

இரவு ஷிப்டை விட்டு நின்றதிலிருந்து மாப்பிள்ளைக்குச் சாப்பாடு, தூக்கம், பேச்சு வாங்குவது எல்லாமே மாமனார் வீட்டில்தான். பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து முடியும்.

"மூணாவது மாடியிலேர்ந்து விழுந்தவன் நான். மாவுக்கட்டோட மறுநாளே வேலைக்குப் போனேன். நீங்க என்னடான்னா தூக்கம் வரலைன்னு வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க."

அவர் விழுந்தது தெருக்கோடியிலிருந்த வாடகைக் கட்டிடத்திலிருந்து. மகள் பிறப்பதற்கு முன்பே அதை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வண்டிகள் நிற்கின்றன.

மாமனார் ஒரு குடோனில் மறுபடியும் இரவு வேலையே பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த மூன்றாவது மாடியை இடித்தாலொழிய தப்ப வழியில்லை என்று மாப்பிள்ளைக்குப் பட்டது.

விசாரிக்கக் கிளம்பினான். சலூன்காரர் இரண்டு மாடி என்றார். தையல்காரர் மாடியே கிடையாது, ஓட்டுக் கூரை என்று அடித்துச் சொன்னார். பிறகு, அது வேறு தெருவாகவும் இருக்கலாம் என்றார். நகராட்சி அலுவலகத்தில், இல்லாத கட்டிடத்துக்கு வரைபடம் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் காட்டிக்கொடுத்தது. ஒட்டி நின்ற கட்டிடத்தின் தடம் அதில் அப்படியே இருந்தது. சாய்வாக ஏறும் படிக்கட்டின் கோடு, பச்சைச் சுண்ணாம்பு அடித்த மாடி அறை, அதன் தலைக்கு மேல் தளம் செருகியிருந்த பள்ளம். அதற்கும் மேலே வெறும் செங்கல்லும் மழைக்கறையும். ஒரே மாடி. கொத்தனார் பூச்சு வேலைக்குச் சாரம் கட்டி முடித்திருந்தார்.

அவன் ஓடிப்போய் மாமனாரைக் கூட்டி வந்தான். கடைக்குப் போகிற வழிதானே என்று மாமியாரும் பையோடு வந்தார்.

மாமனார் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "மேல இருந்ததைச் சுரண்டிட்டாங்க போல."

"நான் இன்னும் கையே வைக்கலை, பெரியவரே," என்றார் கொத்தனார்.

"ஒத்தை மாடிதான்," என்றார் மாமியார். "இடிச்சப்புறம்தான் வளர ஆரம்பிச்சுது. பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்ப ரெண்டாச்சு. உங்களுக்குக் கட்டிக் குடுத்தப்ப மூணு."

கொத்தனார் இருமினார்.

"மாடி எத்தனையா இருந்தா என்ன? மறுநாளே வேலைக்குப் போனது நிஜம்தானே," என்றார் மாமனார்.

மாப்பிள்ளை அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "போனாரா அத்தை?"

மாமியார் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவர் எங்க போனார்? படுத்துக் கிடந்தார். போனது நான். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல, ராத்திரி ஷிப்டு. அவர் எழுந்து நடக்கிற வரைக்கும்."

"பகல்ல தூக்கம் வந்துச்சா, அத்தை?"

"வரலை."

கொத்தனார் கலவையை அள்ளிப் பச்சை அறையின் மேல் அடித்தார். மாமனாருக்குச் சொல்ல அவனிடம் பதில் மூட்டை மூட்டையாக இருந்தது. மாமியாருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு, மாமா?"

"பத்துக்கு," என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடியே.

"ஒன்பதரைக்கே போயிடுங்க," என்று சொல்லிவிட்டு மாமியார் கடைக்கு நடந்தார்.