மானாப்புல்லுக்குள் இருவர்

தமிழரை அடித்துக் கொளுத்திய ஐம்பத்தெட்டாம் வருசக் கலவரம் நோர்வூட் பக்கமும் வருகிறதென்று பேச்சு பரவியதும், லயத்து வரிசை வீடுகளிலிருந்த குமரிகளை உச்சிக் காட்டுக்கு அனுப்பச் சொன்னார் தோட்டத் தலைவர் கந்தப்பன். பதினேழு வயதுப் பூரணி தேயிலைக் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். கடைவீதியிலிருந்து தப்பி ஓடிவந்திருந்த மனோரஞ்சிதத்தையும் அவளோடு சேர்த்துவிட்டார்கள்.

பூரணிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மனோரஞ்சிதத்தின் அப்பா சுந்தரலிங்கத்தின் புடவைக்கடையில் லயத்து ஆட்கள் வாசலோடு நிற்க வேண்டும். ஆசைப்பட்டு ஒரு சேலையைத் தொட்ட பூரணியின் கையை எல்லார் முன்னாலும் தட்டிவிட்டவள் இவள்தான். இவளை நான் இழுத்துக்கொண்டு போகணுமா என்று பூரணி சண்டை பிடித்தாள். அம்மா வேலாயி இரண்டு ரொட்டியைத் துணியில் முடிந்து கையில் திணித்தாள்.

காடு அவர்களுக்கு இரக்கம் காட்டவில்லை. மழை விடாமல் அடித்தது. அட்டைகள் தொடைவரை ஏறின. சேற்றில் செருப்பை விட்டுவிட்டு மனோரஞ்சிதம் அடிக்கடி உட்கார்ந்தாள். பூரணி ஏசி ஏசி எழுப்பினாள். மற்றப் பெண்கள் முன்னால் போய் மறைந்துவிட்டார்கள்.

மானாப்புல் ஆளுயரம் நின்ற சரிவுக்கு வந்தபோது கீழே லொறிச் சத்தம் கேட்டது. கடைவீதியில் புகை எழும்பியது. அப்பா அங்கேதான் இருக்கிறாரென்று மனோரஞ்சிதம் கீழே ஓடப் பார்த்தாள். அதே நேரம் பொல்லுத் தடிகளோடு சிலர் பாதையில் ஏறி வருவதைப் பூரணி கண்டாள். மனோரஞ்சிதத்தின் முடியைப் பிடித்து இழுத்துப் புல்லுக்குள் சாய்த்து வாயைப் பொத்தினாள். மனோரஞ்சிதம் உள்ளங்கையைக் கடித்தாள். இரத்தம் வழிந்தும் பூரணி கையை எடுக்கவில்லை.

வந்தவர்கள் புல்லைப் பொல்லால் விலக்கிப் பார்த்தார்கள். உள்ளே போனவர்களை அட்டையே தின்றுவிடும் என்று ஒருவன் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். பனிமூட்டம் இறங்கி முன்னால் நிற்பவரையே மறைக்கத் தொடங்கியதும் திரும்பிப் போனார்கள்.

"என்னைய விட்டிருக்கணும் நீ."

"விட்டிருந்தா என்னையும் சேத்துக் கொன்னுருப்பாங்க. ஒனக்காகவா புடிச்சேன்?"

ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்கள்.

பொலிஸ் வந்துவிட்டதென்று கந்தப்பன் வந்து கூப்பிட்ட பிறகே இறங்கினார்கள். லயம் தப்பியிருந்தது. புடவைக்கடை எரிந்துபோயிருந்தது, சுந்தரலிங்கம் உள்ளேயே.

மாமன் வந்து கூட்டிப்போகும்வரை மனோரஞ்சிதம் வேலாயி வீட்டில்தான் கிடந்தாள். போகும் அன்று பூரணியிடம், "நீ புடிக்காம இருந்திருந்தா அப்பாவ ஒரு தரம் பாத்திருப்பேன்," என்றாள்.

உயிரைக் காப்பாற்றினவளிடம் பேசுகிற பேச்சா இது என்று வேலாயி கொதித்தாள். பூரணி அம்மாவைத் தடுத்துவிட்டாள்.

"விடுங்கம்மா. அவ அப்பாவ அவ பாக்கல. அது நெசந்தானே."