கணக்கில் ஏறிய கிணறு

பழைய கிணற்றை நல்லகண்ணு தன் கையாலேயே கல்லும் மண்ணும் போட்டு மூடினான். வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் தொண்டை கிழியக் கத்தினாள். யார் கேட்டார்கள்?

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் இருந்தது அவர்கள் தோட்டம். மழை பொய்த்த வருஷம். பழைய கிணற்றில் தினம் கொஞ்ச நேரம்தான் கமலை ஓட்டித் தண்ணீர் இறைக்க முடியும். அதை நம்பித்தான் மிளகாய் நட்டிருந்தார்கள். அந்த மிளகாயை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

அந்த வருஷம் தாலுகாவுக்கு நூறு புதுக் கிணறு வெட்ட வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. சும்மா சொல்லக் கூடாது, அந்த நூறு இல்லாவிட்டால் கிணற்றுத் திட்டத்து இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் இந்தக் கரிசல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார். வந்தவரிடம், பழைய கிணற்றை ஆழப்படுத்தித் தரும்படி நல்லகண்ணு கும்பிட்டான்.

"அது எண்ணிக்கையில சேராது வே. புதுசுதான் சேரும். அதுவும் கிணறு இல்லாத நிலமா இருக்கணும்."

இருந்த கிணறு இல்லாமல் போனது இப்படித்தான்.

புதுக் கிணற்றில் குறித்த ஆழம் வந்தது, பாறை தட்டியது, தண்ணீர் வரவில்லை. வெட்டியவர்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு வேர்த்தது.

"நாளைக்குப் பெரிய அதிகாரி வாரார். அடியில தண்ணி தெரியணும். கணக்குல ஏறட்டும், பொறவு பாறையை உடைச்சுத் தாரேன்."

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து மூக்காண்டியின் கிணற்றிலிருந்து ஆறுமுகத்தாய் குடம் குடமாகச் சுமந்தாள். வழியெல்லாம் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நின்றன. மனசு கேட்காமல் ஒரு செடியின் தூரில் குடத்தைச் சாய்த்தாள்.

"ஏட்டி, அங்கன ஊத்தாத! ஜீப்பு வந்துட்டு!" என்று நல்லகண்ணு கூவினான்.

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீதியைக் கொண்டுபோய்க் கிணற்றில் கொட்டினாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "பேஷ்" என்றார். பாறையைப் பற்றி நல்லகண்ணு வாயெடுப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. இன்ஸ்பெக்டரும் அதிலேயே ஏறிப் போனார்.

சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் கேட்டு அவள் மூக்காண்டியிடம் போனாள்.

"காலையில நீங்க எடுத்ததுலயே அடி தட்டிட்டு தாயி. எங்களுக்கே சோறு பொங்கத் தண்ணி இல்ல."

வெறுங்குடத்தோடு அவள் திரும்பியதைப் பார்த்த நல்லகண்ணு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு புதுக் கிணற்றில் இறங்கினான். காலையில் ஊற்றியதில் பாறை இடுக்கு குடித்தது போக நாலு சிரட்டையாவது தேறாதா?

"இருக்கா?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

அவன் அழுகிற சத்தம்தான் வந்தது.