கோமதிநாயகம் இல்லாதபோது கெடுபவை

டாக்டர் கோமதிநாயகத்தைச் செவ்வாய்க்கிழமை வெட்டி எடுப்பதாக முடிவாகியிருந்தது. புதன்கிழமை ஆயுத பூஜை விடுமுறை. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. அவருக்கும் ஆட்சேபம் இல்லை. வேலை நாளில் நடந்தால் லீவு வீணாகாது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் இருந்தது அந்த மரபணு ஆய்வு நிறுவனம். அங்கே அவர் வெகுகாலமாக வரிக்குதிரை மீன்களிடமிருந்து மரபணுக்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். விரல் நீள மீன், உடம்பெல்லாம் கோடு. ஒரு மரபணு என்ன வேலை பார்க்கிறது என்று அதையே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. டி.என்.ஏ.யில் நான்கே எழுத்துகள். அவற்றை வரிசையாகப் படித்துவிடலாம், ஆனால் எதற்காக என்று அதில் எழுதியிருக்காது. ஆகவே அந்த மரபணுவை எடுத்துவிட்டு மீனை நீந்தவிடுவார்கள். என்ன கெட்டுப்போகிறதோ, அதுதான் அந்த மரபணு அதுவரை சத்தமில்லாமல் பார்த்துவந்த வேலை. பெயரும் அதை வைத்துத்தான். எடுத்ததும் மீனுக்குக் கண் போனால் அந்த மரபணுவின் பெயர் 'குருடு'. ஆயுள் முழுக்கப் பார்வை கொடுத்ததற்குக் கிடைக்கும் மரியாதை அது.

எதுவுமே கெடாவிட்டால் பெயர் கிடையாது. ஒரு எண் மட்டும்.

புதிய இயக்குநர் டாக்டர் ராஜமன்னார் இந்த முறையை ஊழியர்களுக்கும் விரிவாக்கினார். சென்னையிலிருந்து வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில் நிற்பவர் போலவே இருப்பார். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரிப்பது விஞ்ஞானம் ஆகாது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று தன் வரவேற்பு விழாவில் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கோமதிநாயகம் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்.

முதலில் நூலகரை எடுத்தார்கள். நூலகத்தில் ஒன்றும் கெடவில்லை. நூலகருக்கு எண் கொடுத்து ஃப்ரீஸரில் வைத்தார்கள். அடுத்தது யார் என்றபோது இயக்குநருக்கு அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தது.

விதி எளிமையானது. ஏதாவது கெட்டால் கோமதிநாயகத்தைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள், கெட்டதன் பெயரும் அவருக்கு வரும். கெடாவிட்டால் எண்தான், ஃப்ரீஸர்தான்.

வெட்டுவதற்கு முன் அவரைப் படித்தார்கள். முழு மனிதரை ஒரே மூச்சில் படிக்க எந்த இயந்திரத்துக்கும் வாய் போதாது. சிறு துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டை உரக்கப் படித்து, ஒன்றன் வால் இன்னொன்றின் தலையோடு பொருந்தும் இடம் பார்த்து ஒட்டினார்கள். குழந்தைப் பருவமும் படிப்பும் சுலபமாக ஒட்டிக்கொண்டன. பணிக்காலம் வந்ததும் சிக்கல். எந்தத் துண்டை எடுத்தாலும் 'சரி சார் சரி சார் சரி சார்' என்றே இருந்தது. எது எதற்கு முந்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போனார்கள். உலக வழக்கமும் அதுதான் என்று இயக்குநர் சமாதானம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை, வெட்ட வேண்டிய ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வழிகாட்டி கேன்டீனுக்கு வந்தான். கோமதிநாயகத்துக்கு எல்லா வகையிலும் எதிரான ஆள். இவருக்கு இடது வகிடு, அவனுக்கு வலது. இவர் வயிறு எவ்வளவு வெளியே வந்திருந்ததோ அவ்வளவு அவன் வயிறு உள்ளே போயிருந்தது. அவன் ஒவ்வொரு ஆண்பிள்ளை மேலும் சாய்ந்து பார்த்தான். பொருந்தாவிட்டால் மன்னிக்கணும் என்று விலகினான். கோமதிநாயகத்தின் மேல் சாய்ந்ததும் டிபன் பாத்திரத்தில் மூடி உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலேயே கத்தரிக்காரர் வந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"ஓரத்துலதான் வெட்டுதேன். ஆடாதிய," என்றார்.

வலிக்கவில்லை. காதோரம் முடி வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்பாசமுத்திரத்தில் இருந்த கோமதிநாயகத்தின் சித்தப்பா மகன் ஜாடையில் இவரைப் போலவே இருப்பவர். அவருக்குப் பாதி மீசை போய்விட்டது. ஒத்த சாயல் இருக்கும் இடங்களில் இப்படிச் சில்லறைத் தவறு நேர்வது உண்டு என்று நிறுவனம் அவருக்குத் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா. அதற்காக உடன் வேலை பார்த்த வேலாயுதப்பெருமாளுக்கும் எல்லாம் அதேபோல் செய்தார்கள். அவருக்கும் தேதி குறித்தார்கள், அவரையும் ஆடாதிய என்றார்கள், கத்தரியை மட்டும் காற்றில் மூடினார்கள். வேலாயுதப்பெருமாளுக்கு ஒரே பெருமை. ஒப்பீட்டு ஆள் இல்லாத ஆய்வைக் குப்பையில்தான் போட வேண்டும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுமே நடக்காததற்காக அந்த நிறுவனத்தில் பாராட்டுப் பெற்றவர் அவர் ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. வெளிப்படையாகப் பெற்றவர் அவர்.

வெட்டிய இடத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டினார்கள். கோமதிநாயகத்தின் அறை இல்லாமல் போய், அதன் இரு பக்கத்து அறைகளும் சுவரோடு சுவர் சேர்ந்தன. பெருமாள்புரம் வீட்டில் அவருடைய நாற்காலி இருந்த இடம் போய், டி.வி.யும் ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஒரு மரபணுவை எடுத்தால் உடம்பின் எல்லாச் செல்லிலும்தான் எடுக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும் இல்லாமல் இருப்பது செல்லாது.

அட்டெண்டர் அவரை ஃப்ரீஸருக்கு அழைத்துப் போனார். போகும் வழியில் தாழ்வாரம் சூடேறியது. சூடு ஏறியதும், நகலெடுக்கும்போது டி.என்.ஏ. பிரிவதுபோல், நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்தது. இடது பாதி தனக்கொரு வலது பாதியைக் கட்டிக்கொண்டது, வலது பாதி ஓர் இடது பாதியை. இரண்டு தாழ்வாரம் ஆயிற்று. மறுபடி சூடேறி நான்காயிற்று. பிறகு எண்ணவில்லை.

"எதுல போனாலும் ஒண்ணுதான் சார்," என்றார் அட்டெண்டர். "கடேசி ஒண்ணுல மட்டும் கதவு தலகீழா வந்துட்டு. அதுல போவாண்டாம்."

ஃப்ரீஸருக்குள் பனி புகை போல் நின்றது. நூலகர் மூலையில் இருந்தார். பெரும்பாலும் பெட்டியாகியிருந்தார். முகம் இருந்த இடத்தில் மூடி.

"பேரு ஞாவகம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

மூடி கொஞ்சம் உயர்ந்தது. "இருந்துச்சு வே," என்றது.

அதற்குப் பிறகுதான் கோமதிநாயகத்துக்குப் பயம் வந்தது.

ஒன்றை எடுத்தபின் என்ன கெடுகிறது என்று கவனிப்பதில் நிறுவனத்திலேயே அனுபவசாலி அவர்தான். ஆகவே தான் இல்லாததைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. வெளியே போகலாம், வரலாம். யாருக்கும் தெரிய மாட்டார். அலுவல் விஷயமாக மட்டும் இயக்குநர் அவரோடு பேசலாம்.

முதலில் மீன்களைப் பார்த்தார். பக்கத்து அறை டாக்டர் ஜெசிந்தா அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். போடும்போது இவர் பேசுவதுபோலவே அவற்றிடம் பேசினார். மீன்கள் தின்றன. ஒரு மீனாவது பட்டினி கிடக்காதா என்று கோமதிநாயகம் தொட்டியோடு முகத்தை வைத்துப் பார்த்தார். எல்லாம் கொழுத்துவிட்டிருந்தன.

வாராந்திரக் கூட்டத்துக்குப் போனார். அவர் சரி சார் சொல்லும் இடங்களில் இன்னொருவர் சொன்னார். உச்சரிப்பு இன்னும் தெளிவாக இருந்தது.

வீட்டுக்குப் போனார். அவர் மனைவி பகவதி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். குக்கர் ஒழுங்காக விசில் அடித்தது. மோட்டார் ஓடியது. கேஸ்காரர் வந்தார், போனார். கோமதிநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார். வீடு தன் இல்லாமையை இவ்வளவு லகுவாக எடுத்துக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்போது பகவதி இரண்டு தம்ளர்களில் டீ ஊற்றினாள். ஒன்றில் சீனி போட்டாள், இன்னொன்றில் போடவில்லை. சீனி இல்லாததை முதலில் குடித்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே. பிறகு தன்னுடையதை. பேப்பரை எடுத்து, அவர் செய்வதுபோல் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். டி.வி.யில் செய்தி வந்ததும் அவர் திட்டும் ஆட்களைத் திட்டினாள். திட்டுக்கு நடுவே அவர் இருமுவதுபோல் ஓர் இருமல். அவளுக்கு இருமல் கிடையாது.

ஏன் இப்படியெல்லாம் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. செய்து முடித்ததும் களைத்துப்போய் டி.வி.க்கும் ஜன்னலுக்கும் இடையே, இடமே இல்லாத இடத்தில், கொஞ்ச நேரம் நின்றாள்.

இதை அவர் மீன்களில் பார்த்திருக்கிறார். ஒரு மரபணுவை எடுத்தும் மீன் ஜோராக நீந்தும். அதற்கு வேலையே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் இன்னொரு மரபணு எங்கோ இருந்துகொண்டு, யாரும் சொல்லாமலே, அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் இயக்குநரிடம் ஓடினார்.

ராஜமன்னார் அவரை அன்போடு வரவேற்றார். தெளிவான முடிவு, மிகத் தெளிவான முடிவு, எதுவுமே கெடவில்லை என்று வாழ்த்தினார். கட்டுரை தயாராகிவிட்டது. உலகத்தின் பெரிய பத்திரிகைக்குப் போகிறது. கோமதிநாயகத்தின் உழைப்பு இல்லாமல் இது சாத்தியமே இல்லை. ஆனால் இல்லாத ஒருவரை ஆசிரியராகப் போட முடியாது என்பதால் அடிக்குறிப்பில் நன்றி சொல்லியிருந்தது, எண்ணைக் குறிப்பிட்டு.

அந்த எண்ணைப் பார்த்ததும்தான் கோமதிநாயகம் அதைச் சொன்னார். தன் பெயருக்காகச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ மாணவர்களிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் என்பதால் சரளமாக வந்துவிட்டது.

"சார், ஒண்ண எடுத்தா இன்னொண்ணு தாங்கிக்கிடுது. ரெண்டையும் சேத்து எடுத்தாத்தான் தெரியும்."

இயக்குநர் எழுந்து நின்றார். பிரமாதம் என்றார். இரண்டாவது எது என்று கேட்டார்.

சும்மா பொதுவாகச் சொன்னேன் என்று கோமதிநாயகம் மழுப்பினார். ஆனால் அவர் பார்வை பெருமாள்புரம் இருக்கும் திசையில் ஒரு கணம் போய்வந்தது. இயக்குநர் திசைகள் தெரிந்தவர்.

பகவதி ஃப்ரீஸருக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு கட்டைப்பையும் தூக்குவாளியும் இருந்தன. வெட்ட வந்தவர்களை, குக்கரை இறக்கும்வரை வெளியே நிற்கச் சொன்னாளாம். கத்தரிக்காரருக்கு மோர் கொடுத்தாளாம். ஃப்ரீஸர் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. இருட்டில் கண் பழகும்வரை நின்றாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்த யோசனை யாரு குடுத்தது?"

அவர் தரையைப் பார்த்தார். "நாந்தான். வாய் தவறி வந்துட்டு."

"அதான பாத்தேன். ஊர்ல வேற யாருக்கு இப்பிடித் தோணும்?"

கோமதிநாயகம் எல்லாவற்றையும் சொன்னார். மீன் கொழுத்ததை, கூட்டத்தில் இன்னொருவர் சரி சார் சொன்னதை, அடிக்குறிப்பை. சீனி இல்லாத டீயையும் சொன்னார். அதை ஏன் குடித்தோம் என்று தனக்கே தெரியவில்லை, ரெண்டு நாளாக நெஞ்சைக் கரித்தது என்றாள் அவள். பிறகு உட்கார இடம் பார்த்தாள். நூலகரின் மேல் தூக்குவாளியை வைத்தாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. சூடா இருக்கு."

பரவாயில்லை என்றது மூடி. இதமாகக்கூட இருக்கிறது என்றது.

புளியோதரையும் அவியலும் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட ஆரம்பித்தார்கள். நூலகருக்கும் மூடியைத் தூக்கி ஒரு கை வைத்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள். இயக்குநரின் குரல். கோமதிநாயகம் அவரை இந்தக் குரலில் கேட்டதில்லை. மேடையிலிருந்து இறங்கியிருந்தது. மீன்கள் சரியாக இருக்கின்றன, கூட்டமும் நடந்தது, குக்கர்கூட விசில் அடிக்கிறது என்றார். ஆனால் சாயங்காலம் வரவில்லையாம். பெருமாள்புரத்தில் மதிய வெயில் அப்படியே நிற்கிறதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாமா என்று தெரியாமல் சாலையோரம் வெயிலில் நிற்கிறார்களாம். ஜெசிந்தா பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தெரியாமல் தாழ்வாரத்தில் இருக்கிறார். நீங்கள் இருவரும் சேர்ந்து அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பெயர் வைக்க வேண்டும் என்றார். பெயருக்கு அவசரம் என்றார்.

கோமதிநாயகம் யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. பகவதியைக் கேட்டார். நாம என்னத்தச் செஞ்சோம் என்றாள். கதவின் அடியில் வெள்ளையாக, கெட்டியாக, வெயில் ஒரு கோடாய் நின்றது. உள்ளே அது போதவில்லை. அவியலில் முருங்கைக்காய் எது, மிளகாய் எது என்று தெரியாமல் அவர் ஒன்றைக் கடித்து இருமினார்.

"லைட்டப் போடுங்களேன்," என்றாள் பகவதி. "சுவிட்சு அங்கனதான இருக்கு."

"ஒனக்குத்தான் பக்கம். நீ போடு."

"நான் வெளம்பிக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சு ஒரு லைட்டு போட்டா கொறஞ்சா போயிருவிய? தெனம் நாந்தான் வாசல் லைட்டப் போடணும்."

"அன்னைக்கு ஒருநாளு யாரு போட்டா?"

"யாரு போட்டா? சொல்லுங்க, யாரு போட்டா?"

கதவைத் தட்டும் சத்தம் நின்றது. வெளியே யாரோ, இயக்குநர்தான் போலிருக்கிறது, சற்றுப் பொறுங்கள் என்று யாரிடமோ சொன்னார்.

கதவின் அடியில் இருந்த வெள்ளைக் கோடு சாயங்கால வெயில்போல் லேசாக மஞ்சளாகியிருந்தது. கோமதிநாயகம் அதைப் பார்த்தார். பகவதி அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் அவளிடம் சொல்லவில்லை. சாய்ந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"நான் போட மாட்டேன்," என்றார். "நீயே போடு."